மருந்துத் தெளிப்பானின் விசை ஒழுகுகிறதா? வீட்டிலேயே சரி செய்யலாம்

பூவிருந்தவல்லி, திருமழிசை, ஆவடி, அம்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் வயல்கள் பல வீட்டு மனைகளாகி விட்டன. எஞ்சிய நிலத்தில் கீரை, வெண்டை, கத்தரி, மல்லிகை பயிரிடும் சிறு விவசாயிகளின் வீடுகளில் முதுகில் சுமக்கும் கைத்தெளிப்பான் ஒன்று அநேகமாக இருக்கும். பம்பையும் நாசிலையும் கவனிக்கும் விவசாயிகள் பலர், கையில் பிடித்து அழுத்தும் விசையை மட்டும் கவனிப்பதில்லை. தெளிப்பவரின் கைக்கு மிக அருகில் உள்ள பாகம் அதுதான். அது ஒழுகினால் மருந்து முதலில் படுவது அவர் தோலின் மீதே.

ஒழுகல் சிறியதுதானே என்று விட்டுவிடக் கூடாது. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு மணி நேரத்தில் 3,600 சொட்டு. 20 சொட்டு சுமார் 1 மில்லி லிட்டர் என்று கொண்டால், அது 180 மில்லி லிட்டர் மருந்துக் கரைசலாகிறது. மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் 2017-ஆம் ஆண்டு, மருந்து தெளித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக சுமார் இருபது பேர் இறந்தனர். பல நூறு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தகுந்த பாதுகாப்பின்றித் தெளித்ததும் அதற்கு ஒரு காரணம்.

விசை வேலை செய்யும் விதம்

மெரினா கடற்கரையில் பலூன் சுடும் காற்றுத் துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே அடக்கி வைத்த வேகத்தை விசைதான் பிடித்து நிறுத்துகிறது. தெளிப்பானிலும் அவ்வாறே. பம்பு அடித்ததும் கரைசல் அழுத்தத்துடன் குழாய் வழியாகக் கைப்பிடிக்கு வருகிறது. அங்கே ஒரு சிறிய வால்வை ஸ்பிரிங் அழுத்தி மூடி வைக்கிறது. விசையை அழுத்தினால் ஒரு தண்டு அந்த வால்வைத் தள்ளித் திறக்கும். விட்டதும் ஸ்பிரிங் அதை மறுபடி மூடிவிடும். கரைசல் கசியாமல் காப்பது இரண்டு ரப்பர் வளையங்கள். ஒன்று வால்வின் மேல் இருக்கும். மற்றது தண்டைச் சுற்றி இருக்கும்.

கோளாறும் காரணமும்

1. விசையை விட்ட பின்னும் நாசிலில் சொட்டினால், வால்வு உட்காரும் இடத்தில் மண் அல்லது மருந்துத் தூள் சிக்கியிருக்கும். அல்லது வால்வு வளையம் தேய்ந்திருக்கும்.

2. கைப்பிடியிலேயே கசிந்து விரல் நனைந்தால், தண்டைச் சுற்றியுள்ள வளையம் தேய்ந்திருக்கும்.

3. விசை இறுகி, விட்டதும் திரும்பாவிட்டால், மருந்து உறைந்திருக்கும், ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும், அல்லது ரப்பர் உப்பியிருக்கும்.

4. விசையை அழுத்தியும் குறைவாகவே வந்தால், கைப்பிடிக்குள் இருக்கும் வடிகட்டி அடைத்திருக்கும்.

கழற்றும் முன்

மிச்சக் கரைசலைத் தெளித்து முடித்த பின் டேங்கை மூன்று முறை அலச வேண்டும். ஒரே தடவையில் 6 லிட்டர் ஊற்றுவதை விட, 2 லிட்டராக மூன்று தடவை ஊற்றிக் குலுக்குவதே நல்லது. ஒவ்வொரு தடவையும் அந்த நீரை விசை, நாசில் வழியாகவே, மருந்து தெளித்த அதே பயிரின் மீது அடித்து விட வேண்டும். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. இப்பகுதியின் செம்பரம்பாக்கம் ஏரி நீர் சென்னை மக்கள் குடிக்கும் நீர். கழுவிய நீரால் நீர்நிலை கெடக் கூடாது என்பதை 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளும் வலியுறுத்துகின்றன.

டேங்க் மூடியைத் திறந்து விட்டால் அழுத்தம் போய்விடும் என்று எண்ண வேண்டாம். அழுத்த அறையிலும் குழாயிலும் அது தங்கியிருக்கும். பம்பு அடிப்பதை நிறுத்தி, நாசிலைக் கீழ்நோக்கிப் பிடித்து, ஒன்றும் வராத வரை விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். பாட்டரித் தெளிப்பானில் முதலில் சுவிட்சை அணைத்து விட்டு இதைச் செய்ய வேண்டும். கையுறை அணிந்த பின்னரே விசையைக் கழற்றத் தொடங்க வேண்டும்.

சுத்தம் செய்தல்

தரையில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, கழற்றும் பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே வைத்தால், பூட்டும் போது தடுமாற்றம் இராது. குழாயையும் முன்கம்பியையும் கழற்றி, வடிகட்டியை எடுத்து, பிறகு வால்வு மூடியைத் திருக வேண்டும். உள்ளே ஸ்பிரிங் இருப்பதால், மூடி தெறிக்காமல் உள்ளங்கையால் பிடித்துக் கொள்வது அவசியம்.

பாகங்களைச் சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊற வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். அந்தப் பிரஷையும் பாத்திரத்தையும் வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது. நாசில் துளையிலும் வால்வு உட்காரும் இடத்திலும் ஊசி, கம்பி, உப்புத்தாள் படக் கூடாது. ஒரு சிறு கீறல் விழுந்தாலும் புது வளையம் போட்டும் ஒழுகல் நிற்காது. அடைப்பை வாயால் ஊதுவது மிகவும் ஆபத்தானது. மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம். ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

வளையத்தில் வெடிப்பு, தட்டையாதல், உப்பல் இருந்தால் மாற்றி விட வேண்டும். தெளிப்பான் விற்கும் கடையில் பழைய வளையத்தைக் காட்டி, அதே அளவில் வாங்குவது நல்லது. நூலோ சைக்கிள் ட்யூப் துண்டோ சுற்றிச் சமாளிப்பது இரண்டு நாளைக்கே வரும்.

பூட்டிச் சரிபார்த்தல்

வளையங்களில் சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவிப் பூட்ட வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ ஆவடித் தொழிற்சாலைகளிலோ வேலை பார்ப்பவர் வீட்டில் இருந்தால், ஸ்பேனர் பிடித்துப் பழகியிருப்பார். ஆனால் இரும்பை இறுக்கும் பலம் இங்கே கூடாது. பிளாஸ்டிக் மரை போய்விடும். கையால் இறுக்கினால் போதும். தண்டின் மேல் நட் உள்ள பித்தளை விசையில், கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் விசையை அழுத்திப் பார்க்க வேண்டும். கசிவு நின்று, விட்டதும் விசை தானாகத் திரும்பும் இடமே சரியான இடம். அதற்கு மேல் இறுக்கினால் விசை திறந்தபடியே நின்றுவிடும்.

பிறகு 5 லிட்டர் வெறும் நீர் ஊற்றி, நன்றாகப் பம்பு அடித்து, நாசிலின் கீழும் கைப்பிடியின் கீழும் செய்தித்தாள் விரித்து ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். தாள் நனையாவிட்டால் விசை சரியாகிவிட்டது. அத்துடன், ஒரு நிமிடத்தில் வரும் நீரை அளவுப் பாத்திரத்தில் பிடித்துப் பார்ப்பதும் நல்லது. அதே அழுத்தத்தில் புது நாசிலை விட 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக வந்தால் நாசில் தேய்ந்து விட்டது என்று பொருள். மருந்து வீணாகும், மாற்ற வேண்டும்.

களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான்

2,4-டி போன்ற களைக்கொல்லியின் மிச்சம் குழாயிலும் விசையின் ரப்பரிலும் தங்கும். அதே தெளிப்பானால் வெண்டை, கத்தரி, கீரைக்கு மருந்து அடித்தால் இலை சுருண்டு பயிர் கெடும். சொந்தமாக இரண்டு வாங்க முடியாதவர்கள், பக்கத்து நிலத்தாருடன் சேர்ந்து களைக்கொல்லிக்கென ஒன்றை வைத்துக் கொள்ளலாம்.

நினைவில் கொள்ள

தெளிக்கும் ஒவ்வொரு நாளும் அலசல். மாதம் ஒரு முறை விசையைக் கழற்றிச் சுத்தம். வீட்டில் எப்போதும் ஒரு ஜோடி வளையம் கையிருப்பு. ஒழுகும் தெளிப்பானை, குறிப்பாகச் சிவப்பு முக்கோணம் போட்ட மருந்துடன், ஒரு நாளும் முதுகில் ஏற்றக் கூடாது. தெளித்தவருக்குத் தலைச்சுற்றல், வாந்தி, மிகுந்த வியர்வை, கண் மங்கல் தோன்றினால், நனைந்த உடையைக் களைந்து, சோப்பு நீரால் உடலைக் கழுவி, 108 ஆம்புலன்சை அழைத்து, மருந்துப் பாட்டிலின் லேபிளுடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.