ஆயிரம் வினாடியில் ஒரு பயணப் படம்

வெளிநாடு சென்று திரும்புவோர் பலரும் படம் எடுத்து வருகின்றனர். ஆனால் எடுத்தவரே அதனை இரண்டாம் முறை பார்ப்பது அரிது. காட்சிகள் அழகற்றவை என்பதன்று காரணம். அவை ஒன்றோடொன்று சேர்ந்து எதையும் சொல்வதில்லை என்பதே காரணம். இக்கல்லூரியின் பழைய மாணவன் என்ற முறையில், நான் எடுத்த ஒரு சிறு படத்தையும் அதில் செய்த பிழைகளையும் சான்றாக வைத்துச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

1981-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் என் தாயாருடன் பினாங்குத் தீவுக்குச் சென்றேன். சென்னையிலிருந்து அங்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இருபத்தெட்டு ஆண்டுகளாகக் காணாத தம் அண்ணனைப் பார்க்க அம்மா புறப்பட்டார். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய சூப்பர் எட்டு காமிராவுடன் நான் புறப்பட்டேன்.

காலக் கணக்கு

சூப்பர் எட்டு என்பது 1965-இல் கோடாக் நிறுவனம் கொண்டுவந்த 8 மி.மீ. படச்சுருள் முறை. ஒரு பெட்டியில் 50 அடிச் சுருள் இருக்கும். அடிக்கு 72 படங்கள். ஆக மொத்தம் 3,600 படங்கள். வினாடிக்கு 18 படம் வீதம் ஓடினால் 200 வினாடியில் சுருள் தீர்ந்துவிடும். என்னிடம் இருந்தவை ஐந்து சுருள்கள். ஆயிரம் வினாடி, அதாவது 16 நிமிடம் 40 வினாடி. ஒரு மாதப் பயணத்திற்கு அவ்வளவுதான் முதல். ஆகவே புறப்படும் முன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதினேன். கப்பலுக்கு இத்தனை வினாடி, மலை ரயிலுக்கு இத்தனை, கோயிலுக்கு இத்தனை என்று பங்கிட்டேன். மாமாவுக்கு என்று ஒரு வினாடியும் அதில் ஒதுக்கவில்லை என்பது பின்னர்தான் எனக்கு உறைத்தது.

கருவியை ஆட்டாதிருத்தல்

புதிதாகக் காமிரா பிடிப்பவர் அதனைத் தண்ணீர்க் குழாய் போல எல்லாப் பக்கமும் திருப்புவார். நானும் திருப்பினேன். கெக் லோக் சி என்னும் பௌத்தக் கோயிலில் 1930-இல் கட்டி முடிக்கப்பட்ட ஏழுநிலைக் கோபுரம் ஒன்று உண்டு. அதன் அடிப்பகுதி சீனப் பாணி, நடுப்பகுதி தாய்லாந்துப் பாணி, உச்சி பர்மியப் பாணி. மூன்று நாட்டுச் சிற்பமரபு ஒரே கோபுரத்தில் அமைந்த அந்த அருமையை நான் நான்கு வினாடியில் கீழிருந்து மேலே வீசி எடுத்தேன். திரையில் ஒரு நிலைகூடத் தெளியவில்லை. அடி, நடு, உச்சி என மூன்று தனிக் காட்சிகளாக, ஒவ்வொன்றையும் ஆறு வினாடி அசையாமல் எடுத்திருந்தால், மூன்று மரபுகளும் கண்ணுக்குப் புலப்பட்டிருக்கும். முதலில் தொலைக்காட்சி, பிறகு இடைக்காட்சி, அதன்பின் அண்மைக்காட்சி என்ற வரிசை தொடக்கநிலையாளருக்கு என்றும் கைகொடுக்கும்.

திசை மாறாதிருத்தல்

அக்காலத்தில் தீவுக்கும் பெருநிலத்திற்கும் இடையே பாலம் இல்லை. படகுத்துறையில் ஏறித்தான் கடக்க வேண்டும். நான் படகின் இடப்புறம் நின்று சிறிது எடுத்தேன். பிறகு வலப்புறம் சென்று சிறிது எடுத்தேன். இடப்புறக் காட்சியில் கரை திரையின் இடப்பக்கம் நகர்கிறது. வலப்புறக் காட்சியில் வலப்பக்கம் நகர்கிறது. இரண்டையும் ஒட்டிப் பார்த்தபோது, படகு பாதிக் கடலில் மனம் மாறி வந்த வழியே திரும்புவதாகத் தோன்றியது! பயணம் எப்பக்கமாகத் தொடங்கியதோ அப்பக்கமாகவே செல்ல வேண்டும். மாற்ற நேர்ந்தால் இடையில் படகின் முகப்பு நேராகத் தெரியும் காட்சி ஒன்றைச் சேர்த்தல் வேண்டும். தவறான படமாயினும் அதற்கு இன்று ஒரு மதிப்பு உண்டு. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. பாலம் இல்லாத அந்தக் கடலை இனி எவரும் படம் எடுக்க முடியாது.

தொகுத்தல்

திரும்பி வந்தபின், கழுவப்பட்ட சுருள்களை வெட்டி ஒட்டினேன். ஆயிரம் வினாடியில் 640 வினாடியை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். தமிழ்ப் பயண இலக்கியத்தின் முன்னோடி ஏ.கே. செட்டியார், பல நாடுகளுக்கும் சென்று சிதறிக்கிடந்த துண்டுப் படங்களைத் திரட்டி, 1940-இல் காந்தியடிகளின் வரலாற்றுப் படத்தை வெளியிட்டார். யாரோ எங்கோ எடுத்து வைத்த துண்டுகள் அவர் கையில் வரலாறாயின. எனவே வேண்டாத துண்டு என்று எதையும் எறிந்துவிடலாகாது.

முதன்மையான பிழை

வீட்டுச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் படத்தை ஓட்டினேன். கப்பல் வந்தது, மணிக்கூண்டு வந்தது. விக்டோரியா அரசியின் அறுபதாண்டு ஆட்சியின் நினைவாக அறுபது அடி உயரத்தில் எழுப்பப்பட்ட கூண்டு அது. அதனைப் பன்னிரண்டு வினாடி எடுத்திருந்தேன். படம் முடிந்ததும் அம்மா கேட்டார்: "அண்ணன் எங்கேடா?"

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நான் மணிக்கூண்டை எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பன்னிரண்டு வினாடியில், என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் இருவரும் சந்தித்துக் கொண்டார்கள். மாமா அடுத்த ஆண்டே காலமானார். மணிக்கூண்டு இன்றும் அங்கேயே நிற்கிறது.

2016-இல் பழைய சுருள்களைக் கணினிக்கு மாற்றியபோது பிஸ்கட் டப்பாவையும் திறந்தேன். வெளிச்சம் மிகுந்து வெளுத்துவிட்டதென்று நான் வெட்டி எறிந்த துண்டு ஒன்றில், மாமா தேநீர்க் குவளையை அம்மாவிடம் நீட்டுகிறார். ஐந்து வினாடி. முகம் பாதிதான் தெரிகிறது. அதனைப் படத்தின் இறுதியில் சேர்த்தேன். அம்மா இருந்தவரை அந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி மறுபடி பார்ப்பார்.

இன்றைய மாணவ நண்பர்களின் கைப்பேசிக்கு ஆயிரம் வினாடி என்ற எல்லை இல்லை. ஆதலால் எல்லையை நீங்களே வகுத்துக்கொள்ள வேண்டும். நாளொன்றுக்குப் பத்துக் காட்சி, காட்சிக்கு ஆறு வினாடி போதும். அந்தப் பத்தில் முதல் மூன்றை உடன் வருபவர்களுக்கும், காணச் செல்பவர்களுக்கும் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைக் கோபுரங்களுக்கும் கடலுக்கும் கொடுங்கள்.