ஓட்டப் பரீட்சையும் இருதயமும்

நமது சங்க அங்கத்தினர்களின் புதல்வர்களிற் பலர் போலீஸ் உத்தியோகத்தை நாடி, விடியற்காலையில் ஏரிக்கரையிலும் பள்ளி மைதானத்திலும் ஓடிப் பழகுகின்றனர். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராக விரும்பும் ஆடவர் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிஷத்திற்குள் ஓடி முடித்தல் வேண்டும். எழுத்துப் பரீட்சைக்கு மாதக்கணக்கில் படிப்பவர், ஓட்டத்திற்குக் கடைசிப் பத்து நாள் போதுமென்று இருந்துவிடுவதுண்டு. இது விளையாட்டுக் காரியமன்று. 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்கு 10 கிலோமீட்டர் ஓட்டம் வைத்தபோது, பத்துக்கு மேற்பட்ட இளைஞர் உயிர் துறந்தனர். காரணங்கள் பலவாகப் பேசப்பட்டன. அரசாங்கத்தார் தேர்வைச் சில நாள் நிறுத்தி வைக்க நேர்ந்தது. ஆகவே, ஓடுங்கால் தேகத்தினுள் நிகழ்வது யாதென்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருத்தல் அவசியம்.

சும்மா இருக்கும் மனிதனது இருதயம் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 70 தடவை துடித்து, 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. அதில் ஐந்திலொரு பங்கே தசைகளைச் சேரும். அவனே ஏற்றம் மிதிக்கவோ வேகமாக ஓடவோ தொடங்கினால் நாடி 180-க்கு மேலும் ஏறக்கூடும்; இரத்தவோட்டம் 20 லிட்டரை எட்டும்; அதில் ஐந்தில் நான்கு பங்கு தசைகளுக்கே போய்விடும். குடலும் சிறுநீரகமும் தம் பங்கைத் தற்காலிகமாக விட்டுக் கொடுக்கின்றன. வயிறு நிறைய உண்டு ஓடலாகாது என்று பெரியோர் தடுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

சுவாசமோ, நிமிஷத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்று என்றிருந்தது, கடும் ஓட்டத்தில் 100 லிட்டர் வரை பெருகும். மூச்சு வாங்குவதைக் கண்டு சுவாசப்பைகள் தளர்ந்தனவென்று பலரும் எண்ணுவர். ஆரோக்கியமுள்ள இளைஞனிடத்தில் பெரும்பாலும் அவ்விதமன்று. சுவாசப்பையை விட்டு வரும் இரத்தம் அப்பொழுதும் பிராணவாயுவால் நிறைந்தே இருக்கிறது. அதைத் தசைக்குக் கொண்டு சேர்க்கும் வேகத்தில்தான் எல்லை ஏற்படுகிறது. களஞ்சியத்தில் நெல் உண்டு. ஏற்றிச் செல்ல வண்டி போதவில்லை.

வண்டி வந்து சேருமுன்னரே தசைகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. அந்தப் பற்றாக்குறையை, ஓட்டம் நின்ற பின் மூச்சு வாங்கித் தேகம் அடைக்கிறது. இதனை இங்கிலாந்து தேசத்து ஏ. வி. ஹில் என்பார் 1920-களில் ஆராய்ந்து, ‘பிராணவாயுக் கடன்’ என்று பெயரிட்டார். 1904-ஆம் வருஷத்திலேயே ஐக்கிய நாணய சங்கம் கண்ட திரூர் நமது திருவள்ளூர்ப் பக்கத்ததே யாகையால், கடனென்பது யாதென்று இங்கு எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. ஓடி முடித்தபின் வாங்கும் பெருமூச்சு முழுவதும் இக்கடனுக்கே ஆவதன்று. உஷ்ணம் ஏறிய தேகத்தின் செலவும் அதிற் சேர்ந்தது என்று பின்வந்தோர் திருத்தினர்.

இருதயத்தின் திறனை அளக்க, அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்தோர் 1943-இல் வெளியிட்ட படிப் பரீட்சை நமக்கு ஏற்றது. கருவி எதுவும் வேண்டாம். 20 அங்குல உயரமுள்ள உறுதியான மேடையும் கடிகாரமும் போதும். நிமிஷத்திற்கு 30 முறை வீதம் 5 நிமிஷம் ஏறி இறங்கிப் பின் உட்கார வேண்டும். ஓய்வின் 1-ஆம், 2-ஆம், 3-ஆம் நிமிஷங்கள் முடிந்தவுடன் ஒவ்வொரு தரமும் அரை நிமிஷம் நாடியை எண்ண வேண்டும். ஒருவனுக்கு 70, 58, 47 என்று வந்தால் கூட்டுத்தொகை 175; இரட்டித்தால் 350. ஏறி இறங்கிய 300 விநாடியை 100-ஆல் பெருக்கி 350-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 86. இது 80-க்கு மேலாயின் நன்று; 90-க்கு மேலாயின் மிக நன்று; 55-க்குக் கீழாயின் பழக்கம் போதாது. நாடி எவ்வளவு ஏறிற்று என்பதைவிட, எவ்வளவு விரைவில் இறங்கிற்று என்பதே இதில் முக்கியம். ஊர்ப் பள்ளியின் தேகப்பயிற்சி ஆசிரியர் எண்ணிக் கொடுப்பார். மார்வலி, மயக்கம், இரத்தக் கொதிப்பு உள்ளவரும், சிறு வயதில் மூட்டுவாத ஜுரம் கண்டவரும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்தவரும் வைத்தியரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது.

சில வாரம் படிப்படியாக ஓடிப் பழகியவனது இருதயம் ஒரு துடிப்பிலேயே முன்னிலும் மிகுந்த இரத்தத்தைத் தள்ள வல்லதாகும். ஆகையால் ஓய்வில் அவன் நாடி குறைந்து நிற்கும். இதனைப் பலவீனமென்று எண்ணி அஞ்சுவோருமுண்டு!

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உருக்கு உலையருகே வேலை செய்து திரும்பும் இளைஞருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. உஷ்ணத்தில் இரத்தத்தின் பெரும் பங்கு தோலுக்குச் சென்று தேகத்தைக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. வியர்வையால் இரத்தத்தின் அளவும் குறைகிறது. எனவே அதே வேகத்திற்கு இருதயம் அதிகமாகத் துடிக்கும். ஷிப்டு முடிந்த கையோடு பிற்பகல் வெயிலில் ஓடாமல், உறங்கி, நீருண்டு, மறுநாட்காலை ஓடுவதே தகும். ஜுரமுள்ள நாளில் எவரும் ஓடலாகாது. சில ஜுரங்கள் இருதயத் தசையையும் தாக்குவன. ஓடி முடித்தவுடன் அசையாது நின்றால் இரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரக்கூடுமாதலால், ஐந்து நிமிஷமாவது மெல்ல நடந்து, மூச்சு அடங்கிய பின்னரே நிற்க வேண்டும்.