குரலுக்கு இடமுள்ள குழு

நுழையும்முன்

ஒருவர் தனித்தே செய்து முடிக்கும் பணிகள் இன்று அருகிவிட்டன. மருத்துவமனை, தொழிற்கூடம், வங்கி, விமானம் என எங்கும் பலர் கூடியே பணியாற்றுகின்றனர். திறமை மிக்க சிலரை ஓரிடத்தில் அமர்த்திவிட்டால் அது குழுவாகிவிடுமா? வான்வழிப் போக்குவரத்துத் துறை இவ்வினாவிற்கு மிகுந்த விலை கொடுத்தே விடை கண்டது.

போர்ட்லாந்து வானில்

1978ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள். நியூயார்க்கிலிருந்து டென்வர் வழியாகப் போர்ட்லாந்து நகரை நோக்கி யுனைட்டெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 173ஆம் எண் விமானம் வந்துகொண்டிருந்தது. அதில் 189 பேர் இருந்தனர். தரையிறங்குவதற்காகச் சக்கரங்களை வெளியே இறக்கியபோது பலத்த ஓசை எழுந்தது, விமானம் அதிர்ந்தது. சக்கரங்கள் முறையாகப் பூட்டிக்கொண்டன என்பதைக் காட்டும் விளக்குகளுள் ஒன்று எரியவில்லை.

தலைமை விமானி நீண்ட அனுபவம் உடையவர். சக்கரக் கோளாற்றை ஆராயவும், பயணிகளை அவசரத் தரையிறக்கத்திற்கு ஆயத்தப்படுத்தவும் அவர் காலம் வேண்டினார். விமானம் நகருக்கு அருகிலேயே ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. அதனைத் துணை விமானியும் விமானப் பொறியாளரும் அறிந்திருந்தனர். இன்னும் பதினைந்து நிமிடம் கழிந்தால் எரிபொருள் மிகவும் குறைந்துவிடும் என்று பொறியாளர் கூறவும் செய்தார். ஆனால் அது ஒரு செய்தியாகச் சொல்லப்பட்டதே தவிர, உடனே தரையிறங்க வேண்டும் என்னும் வற்புறுத்தலாக ஒலிக்கவில்லை. தலைவரின் கருத்து முழுவதும் சக்கரத்திலேயே நிலைத்திருந்தது. இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. ஓடுதளத்தை அடையுமுன்னரே நகரின் புறத்தே மரங்கள் அடர்ந்த பகுதியில் விமானம் வீழ்ந்தது. பொறியாளர் உள்ளிட்ட பத்துப் பேர் உயிரிழந்தனர்.

சக்கரங்கள் சரியாகவே இறங்கிப் பூட்டிக்கொண்டிருந்தன என்பது பின்னர் ஆய்வில் தெரியவந்தது.

சொல்லாமல் சொல்லுதல்

இவ்விபத்தில் அறிவுக் குறைபாடு என்று எதுவும் இல்லை. தேவையான செய்தி விமானியறைக்குள்ளேயே இருந்தது. அது மூவருள் இருவரிடம் இருந்து, முடிவெடுப்பவரின் உள்ளத்தைச் சென்று சேரவில்லை. இளையோர் மூத்தோரிடம் குறிப்பாகவே பேசுவர். அது பண்பு எனவும் கருதப்படும். இல்லத்தில் அது பண்பாகலாம். எரிபொருள் தீரும் வேளையில் குறிப்புமொழி பயன்படுவதில்லை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இருதிறத்தார்க்கும் பயிற்சி வேண்டும் எனப் பரிந்துரைத்தது. தலைமை விமானிகள் உடன் பணிபுரிவோரின் கருத்துகளை வரவேற்று முடிவெடுக்கப் பழக வேண்டும்; ஏனையோர் தம் கருத்தை உறுதியுடன் எடுத்துரைக்கப் பழக வேண்டும். 1979இல் நாசா இப்பொருள் குறித்துப் பயிலரங்கு ஒன்றை நடத்தியது. 1981இல் யுனைட்டெட் ஏர்லைன்ஸ் நிறுவனமே இதற்கெனப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. விமானியறை வள மேலாண்மை என முதலில் வழங்கப்பட்ட இப்பயிற்சி, விமானப் பணிப்பெண்கள் முதலியோரையும் உள்ளடக்கியபோது குழு வள மேலாண்மை எனப் பெயர் பெற்றது.

இப்பயிற்சியின் உட்பொருள் எளியது. ‘எரிபொருள் குறைகிறது’ என்று பொதுப்படக் கூறுவதால் பயனில்லை. தலைவரை விளித்தல் வேண்டும். தம் கவலையைக் கூறுதல் வேண்டும். அதற்கான காரணத்தை எண்ணுடன் சொல்லுதல் வேண்டும். செய்யத்தக்கதை முன்மொழிந்து, அவரது உடன்பாட்டைக் கேட்டல் வேண்டும். ‘ஐயா, எனக்குக் கவலையாக உள்ளது. இன்னும் பத்து நிமிடத்திற்கே எரிபொருள் இருக்கிறது. இப்போதே ஓடுதளத்திற்குத் திரும்பலாம் எனக் கருதுகிறேன். தாங்கள் ஒப்புகிறீர்களா?’ என்பது போன்ற கூற்றில் மரியாதை குறையவில்லை, மழுப்பலும் இல்லை. இறுதியிலுள்ள வினாவே இதன் உயிர்நாடி. விடை கூறாமல் தலைவர் அதனைக் கடந்து செல்ல இயலாது.

தொடக்கத்தில் மூத்த விமானிகள் சிலர், இனிமையாகப் பேசக் கற்பிக்கும் பள்ளி என இதனை எள்ளினர். தம் அதிகாரம் குறைந்துவிடுமோ என்னும் ஐயம் அதன் அடியில் இருந்திருக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

தவறு நேரும்போது கடிந்து அறிவுறுத்தும் பெரியோரைத் தமக்குத் துணையாகக் கொள்ளுதல் ஆள்வோர்க்குக் காவல் என்பதனைத் திருக்குறளின் 45ஆம் அதிகாரமான ‘பெரியாரைத் துணைக்கோடல்’ எடுத்துரைக்கிறது.

நாற்பத்து நான்கு நிமிடங்கள்

1989ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் அதே நிறுவனத்தின் 232ஆம் எண் விமானம் டென்வரிலிருந்து சிகாகோவிற்குச் சென்றுகொண்டிருந்தது. அதில் 296 பேர் இருந்தனர். வால்பகுதியிலிருந்த இயந்திரம் திடீரென வெடித்துச் சிதறியது. சிதறிய உலோகத் துண்டுகள், விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் எண்ணெய் அழுத்தக் குழாய்களைத் துண்டித்தன. மூன்று அழுத்த அமைப்புகளும் ஒருசேரச் செயலிழந்தன. இத்தகைய நிலை நேரக்கூடும் என எவரும் எண்ணியதில்லை. ஆதலால் கையேட்டில் அதற்கு வழி கூறப்படவில்லை.

தலைமை விமானி ஆல்ஃபிரெட் ஹெய்ன்ஸ் தமக்கு எல்லாம் தெரியும் என்று நடந்துகொள்ளவில்லை. பயணியாக வந்த விமானப் பயிற்சியாளர் டென்னிஸ் ஃபிட்ச் உதவ முன்வந்தபோது அவரை உள்ளே அழைத்துக்கொண்டார். இறக்கைகளைப் பார்த்துவரும்படி அவரை அனுப்பினார். கட்டுப்பாட்டுப் பரப்புகள் அசையவில்லை என்று அவர் திரும்பிவந்து கூறினார். பின்னர்ப் பணி பகிர்ந்துகொள்ளப்பட்டது. ஃபிட்ச் எஞ்சிய இரு இயந்திரங்களின் விசைப்பிடிகளை இரு கைகளாலும் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்பினார். பொறியாளர் தரையிலிருந்த பராமரிப்பு வல்லுநர்களுடன் பேசினார். ஹெய்ன்ஸும் துணை விமானியும் கட்டுப்பாட்டுத் தண்டுகளுடன் போராடினர். யார் கருத்துக் கூறினும் அது கேட்கப்பட்டது.

ஏறத்தாழ நாற்பத்து நான்கு நிமிடங்களுக்குப் பின் அயோவா மாநிலத்தின் சூ சிட்டி விமான நிலையத்தில் விமானம் தரையில் மோதி உடைந்து தீப்பற்றியது. 112 பேர் மாண்டனர். 184 பேர் பிழைத்தனர். பின்னர் இதே நிலையைப் பயிற்சிக் கருவியில் உருவாக்கி விமானிகள் முயன்று பார்த்தபோது, பாதுகாப்பாகத் தரையிறக்குதல் கைகூடவில்லை. பலர் பிழைத்தமைக்குக் குழு வள மேலாண்மைப் பயிற்சியும் காரணம் என ஹெய்ன்ஸ் பலமுறை கூறியுள்ளார்.

அறுவை அரங்கிற்கு

குழுவுணர்வை வளர்க்க அலுவலகங்கள் விருந்தும் சுற்றுலாவும் விளையாட்டும் நடத்துகின்றன. அவை தீங்கற்றவை, பழக்கம் நெருங்கவும் உதவும். ஆயினும் உடன் உண்டவர் அனைவரும் மறுநாள் மேலாளரிடம் ‘இது தவறு’ என்று சொல்லிவிடுவதில்லை. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

விமானத்துறை கண்ட அவ்வேற்பாடு மருத்துவத்துறையையும் எட்டியது. உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. புதுதில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அது பயன்படுத்தப்பட்டபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது என 2009இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. உடலில் கத்தி படுமுன் செய்யவேண்டியனவற்றுள் ஒன்றாக, அரங்கிலுள்ள அனைவரும் தத்தம் பெயரையும் பணியையும் கூறவேண்டும் என அப்பட்டியல் குறிக்கிறது. தலைமை அறுவை மருத்துவரும் கூறுவார்; அன்று புதிதாக வந்த செவிலியரும் கூறுவார். ஒருமுறை வாய் திறந்து தம் பெயரைச் சொன்னவர், இரண்டு மணி நேரம் கழித்து ‘ஐயா, ஒரு பஞ்சுத்துணி எண்ணிக்கையில் குறைகிறது’ என்று சொல்வது சற்று எளிதாகிறது.