ஒட்சிசன் குறைந்தால் பச்சிளங் குழந்தையின் இதயம் என்ன செய்யும்?

வளர்ந்த ஒருவரின் இதயத் தசைக்குச் செல்லும் குருதி முற்றாகத் தடைப்பட்டால், ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களுக்குள் அத்தசையின் கலங்கள் இறக்கத் தொடங்குகின்றன. ஆனால் பிறந்து சில நாட்களேயான குட்டிகளின் இதயம் அதைவிடக் கூடிய நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதை விலங்குகளில் செய்த பரிசோதனைகள் காட்டியுள்ளன. இந்தச் சின்ன இதயத்துக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

விடை கருப்பையில் இருக்கிறது. அங்கே சிசு சுவாசப்பையால் மூச்சு விடுவதில்லை. தாயின் குருதியிலிருந்து சூல்வித்தகத்தினூடாக வரும் ஒட்சிசனே அதற்குக் கிடைக்கிறது. அதன் அளவு நம்முடைய குருதியில் உள்ளதைவிட மிகக் குறைவு. கருப்பையில் வாழ்வதை எவரெஸ்ட் சிகரத்தில் வாழ்வதற்கு விஞ்ஞானிகள் ஒப்பிடுவது இதனால்தான். இந்நிலையைச் சமாளிக்கச் சிசுவிடம் ஒட்சிசனை இறுகப் பற்றிக்கொள்ளும் தனி வகை ஈமோகுளோபின் உண்டு. அதன் இதயத் தசையிலும் கிளைக்கோசன் நிறையச் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஒட்சிசன் போதாதபோது குளுக்கோசை உடைத்துச் சக்தி பெற அந்த இதயத்தால் முடிகிறது. நமது இதயமோ பெரும்பாலும் கொழுப்பமிலங்களையே எரிக்கிறது. அதற்கு ஒட்சிசன் கட்டாயம் வேண்டும்.

பிள்ளை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்லப்படுவதற்கு முன்னரே உள்ளே பெரிய மாற்றம் தொடங்கிவிடுகிறது. முதல் அழுகையோடு சுவாசப்பைகள் விரிகின்றன. இரு சோணையறைகளுக்கும் இடையிலான துவாரம் மூடிக்கொள்கிறது. ஆனாலும் குருதியில் ஒட்சிசன் வழமையான அளவுக்கு உயர ஏறத்தாழ 10 நிமிடங்கள் எடுக்கும். ஆகவே முதல் ஓரிரு நிமிடங்களில் உடல் சற்று நீலமாக இருப்பது இயல்பே. பிள்ளையின் நிறம், இதயத் துடிப்பு, சுவாசம் முதலான ஐந்து விடயங்களுக்குப் புள்ளியிடும் முறையை அமெரிக்கப் பெண் மருத்துவர் வேர்ஜினியா அப்கார் 1953 இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் பிரசவ அறைகளில் அது பின்பற்றப்படுகிறது.

இன்னொரு வியப்பும் உண்டு. பிறந்து ஒரு நாளான சுண்டெலிக் குட்டியின் இதயத்தில் ஒரு சிறு பகுதியை வெட்டி எடுத்தபோது, மூன்று வாரங்களில் அது மீண்டும் வளர்ந்ததை 2011 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். ஏழு நாளான குட்டியில் அது நடக்கவில்லை. பிறந்தபின் ஒட்சிசன் கூடுவதே இதயக் கலங்கள் பிரிவதை நிறுத்தும் ஒரு காரணம் என்று 2014 இல் தெரியவந்தது.

அப்படியானால் ஒட்சிசன் குறைவது நல்லதா? இல்லை. இந்தத் தாங்கும் சக்திக்கு எல்லை உண்டு. ஒட்சிசன் குறையும்போது சிசுவின் உடல் மற்ற உறுப்புகளுக்கான குருதியைக் குறைத்து, மூளைக்கும் இதயத்துக்கும் அதிகம் அனுப்புகிறது. கிளைக்கோசன் தீர்ந்து குருதியில் அமிலம் கூடியதும் இதயமும் தளர்கிறது. இதயம் மீண்டாலும் மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம். இவ்வாறு பாதிக்கப்பட்ட குழந்தைகளை, பிறந்து 6 மணித்தியாலங்களுக்குள் தொடங்கி, 72 மணித்தியாலங்கள் 33 முதல் 34 பாகை செல்சியஸில் குளிர்வித்து மூளையைப் பாதுகாக்கும் சிகிச்சை இன்று உண்டு. கருப்பையிலேயே நீண்ட நாள் ஒட்சிசன் குறைந்த விலங்குக் குட்டிகள் வளர்ந்தபின், அவற்றின் இதயம் பலவீனமாக இருந்ததையும் ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆகவே வீட்டில் நாம் செய்யக்கூடியவை முக்கியமானவை. வெள்ளவத்தையானாலும் கொட்டாஞ்சேனையானாலும் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. குருதிச்சோகை இருந்தால் தாயின் குருதி சுமக்கும் ஒட்சிசன் குறையும். மாத்திரையைப் பிளேன்டீயுடன் குடித்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. வீட்டுக்குள் யாரும் சிகரெட் புகைக்கக் கூடாது. அந்தப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, ஈமோகுளோபினில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பிறந்த பிள்ளையின் கை, கால்கள் மட்டும் குளிரில் நீலமாவது பெரும்பாலும் பயப்படத்தக்கதல்ல. ஆனால் நாக்கும் உதடும் நீலமானால், பால் குடிக்கும்போது வியர்த்துக் களைத்தால், மூச்சு வேகமாக வாங்கினால் அது இதயக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம். கண்ணூறு என்று ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். கொழும்பிலிருக்கும் நமக்குப் பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை தூரமில்லை.

குழந்தையின் இதயம் தன் பங்குக்குச் சிறிது நேரம் போராடும். அந்த நேரத்தை வீணாக்காமல் இருப்பது பெரியவர்களின் கையில் இருக்கிறது.