வெடியறையைக் குடைந்தால் போதுமா?

மாணவர்களே! நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் வேட்டைத் துப்பாக்கியின் வெடியறையைக் குடைந்து பெரிதாக்கினால், வலிமை மிக்க தோட்டாவைப் புகுத்திவிடலாம். துப்பாக்கி அதைத் தாங்குமா?

விசை = அழுத்தம் × பரப்பு என்பதை அறிவீர்கள். மருந்து எரிந்து உண்டாகும் வாயு, குண்டை முன்னே தள்ளும். அதே வேளையில் தோட்டாவின் அடிப்பாகத்தின் வழியே பின்னடைப்பையும் அழுத்தும். அழுத்தமோ அடிப்பரப்போ கூடினால் இவ்விசையும் கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் 1894-ஆம் ஆண்டில் வெளியிட்ட துப்பாக்கியில் .38-55 என்னும் தோட்டா பயன்பட்டது. 1978-இல் .375 வின்செஸ்டர் தோட்டா வந்தது. இரண்டின் அடிப்பரப்பும் ஏறக்குறைய ஒன்றே. புதியதன் அழுத்த வரம்போ சுமார் 1.7 மடங்கு. எனவே பின்னடைப்பின் மீது விசையும் அவ்வளவு மடங்காகும். இதற்காகவே அந்நிறுவனம் துப்பாக்கிக் கூட்டின் பின்சுவர்களைத் தடிப்பாக்கியது. வெறுமனே குடைவது இத்தடிப்பைத் தராது. அறையைச் சுற்றியுள்ள எஃகையும் குறைத்துவிடும்.