ஏடு கேட்ட காது வீட்டிலும் கேட்கட்டும்

திருஏடு வாசிப்பில் நாம் எப்படி அமர்ந்திருக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். நெற்றியில் நாமம் இட்டுத் தரையில் அமர்கிறோம். வாசிப்பவர் பாடிப் பொருள் சொல்லும்போது குறுக்கே பேசுவதில்லை. தெரிந்த கதைதானே என்று எழுந்து போவதுமில்லை. சுவாமிதோப்பில் கார்த்திகை மாதம் 17 நாள் இப்படிக் கேட்கிறோம்; ஊர்த் தாங்கலிலும் கேட்கிறோம். அதே காதோடுதான் வீட்டுக்குத் திரும்புகிறோம். அங்கே அந்தக் காது திறந்திருக்கிறதா?

கேட்டதால் கிடைத்த அகிலம்

அகிலத்திரட்டு அம்மானை, நாராயணர் இலட்சுமி தேவிக்குச் சொல்வதாக அமைந்தது. அதை ஏட்டில் எழுதித் தந்தவர் தென்தாமரைகுளம் அரிகோபாலன் சீடர். கொல்லம் ஆண்டு 1016, கார்த்திகை 27 என்ற நாள் அகிலத்திலேயே உள்ளது. இறைவன் சொல்லத் தாம் எழுதியதாகவே சீடர் உரைக்கிறார். தம் கருத்தை ஒதுக்கிவைத்து அவர் கேட்டார். அதனால் அகிலம் நமக்குக் கிடைத்தது.

நம் முன்னோரையும் நினைப்போம். வரியும் ஊழியமும் சுமந்த அவர்களின் குறையை அன்று அதிகாரத்தில் இருந்தவர்கள் காதில் வாங்கவில்லை. அப்படிப்பட்ட மக்கள் தங்கள் நோயையும் துயரையும் சொல்லி அழ அய்யாவிடம் வந்தார்கள். அய்யா அவர்களுக்குத் தண்ணீரும் மண்ணும் மருந்தாகத் தந்தார். கேட்க ஆளில்லாமல் இருப்பது எத்தனை பெரிய துன்பம் என்று நம் குலத்துக்குத் தெரியும். அதே துன்பத்தை நம் வீட்டில் ஒருவருக்கு நாம் கொடுக்கலாமா?

நான் செய்த பிழை

ஒரு வருடம் எங்கள் தாங்கலில் வாசிப்பு நடந்தபோது, என் தாயார் இரண்டு நாள் வரவில்லை. "ஏன் வரலம்மா?" என்றேன். "இல்ல மக்கா, அங்க வந்து இருந்தாலும்..." என்று தொடங்கினார். நான் முடிக்க விடவில்லை. "கால்வலிதான? ஆட்டோ சொல்லுதேன், மாத்திரையைப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பணிவிடைக்குப் போய்விட்டேன். மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார்: "அம்மைக்கு இப்ப காது சரியா கேக்கல. ஏடு வாசிக்கிறது காதுல விழாம சும்மா இருக்கச் சங்கடப்படுதாங்க."

ஓடிப்போய்த் தாயாரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எனக்குத்தான் காது கேக்கல. உனக்கு நல்லாத்தான கேக்கும் மக்கா?" என்றார்.

அன்று மாலை அவரை வாசிப்பவர் அருகிலேயே உட்காரவைத்தேன். நானும் பக்கத்தில் அமர்ந்தேன். ஆனால் அவர் கேட்காமல் விட்ட அந்த நாட்களை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

கண்ணாடி சொல்லும் பாடம்

பள்ளியறையில் கண்ணாடி முன் நின்று வணங்குகிறோம். இறைவன் நமக்குள்ளே இருக்கிறார் என்பது அதன் பொருள். எனக்குள் இருப்பவர் எதிரே இருப்பவருக்குள்ளும் இருக்கிறார் அல்லவா? அப்படியானால் பேசுகிறவரை நடுவில் மறிப்பது சிறு பிழை ஆகுமா? அய்யா கற்பித்த பொறுமை அடி வாங்கும்போது மட்டும் வேண்டியதன்று. ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கவும் அதுவே வேண்டும்.

இன்று முதல் பழகுவோம்

1. பேசுகிறவர் முடிக்கும்வரை பொறுத்திருங்கள். அவர் நிறுத்திய பிறகும் ஒரு மூச்சு விட்டுப் பேசுங்கள். முக்கியமான சொல் பல நேரம் கடைசியில்தான் வரும்.

2. கைப்பேசியைக் கீழே வைத்து முகம் பாருங்கள்.

3. யோசனை சொல்லும் முன், "நீங்க சொல்லுறது இதுதானா?" என்று கேளுங்கள். நான் அன்று இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

4. வீட்டில் யாருடைய குரல் தாழ்ந்து ஒலிக்கிறதோ, அவரை முதலில் கேளுங்கள். முதியவர், பிள்ளைகள், புதிதாக வந்த மருமகள், வேலைக்கு வருபவர் ஆகியோர் ஒரு முறைதான் சொல்வார்கள், கேட்காவிட்டால் அடங்கிப்போவார்கள். தாழ்ந்திருப்பவரைத் தாங்குவதே தர்மம் என்றால், அவர் சொல்லைக் கேட்பதே அதற்கு முதல் படி.

நாளை உகப்படிப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும், ஒருவர் அருகில் பத்து நிமிடம் அமருங்கள். "சொல்லுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை அவர் சொல்வார்.

அய்யா உண்டு.