தாழ்வாரத்தில் டிவி: சிங்கப்பூர் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

இந்தியாவில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஐபிஎல் ஆட்டம், சிங்கப்பூரில் பத்து மணிக்குத்தான் தொடங்கும். அதற்குள் பிள்ளைகள் படுக்கப் போயிருப்பார்கள். கூடத்து விளக்கை அணைத்தாக வேண்டும். "பால்கனியில ஒரு டிவி இருந்தா என்ன?" என்ற யோசனை அப்போதுதான் வருகிறது. செராங்கூன் கார்டன் தரைவீடுகளின் கார் போர்ச், பொங்கோல் அடுக்குமாடிகளின் பால்கனி, லிட்டில் இந்தியா கடைவீடுகளின் அஞ்சடி என்று, கூரைக்குக் கீழே ஆனால் கூடத்துக்கு வெளியே ஒரு திரை வைக்க விரும்புகிறவர்கள் நிறையப் பேர். வீட்டுக்கு வெளியே கூடி டிவி பார்ப்பது இந்த ஊருக்குப் பழைய பழக்கம்தான். 1963 பிப்ரவரி 15 அன்று, அன்றைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிவைத்தபோது, சொந்தமாகப் பெட்டி வைத்திருந்தவர்கள் சொற்பம். சமூக நிலையங்களில் கூடித்தான் பலர் பார்த்தார்கள்.

கூரை இருக்கிறதே, மழை படாதே என்று நினைத்துத்தான் பலரும் டிவியை வெளியே மாட்டுகிறார்கள். மழையாவது கண்ணுக்குத் தெரியும். இங்கே பெட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றிலுள்ள ஈரம். கீழே வருகிற குறிப்புகளில் பல அதைப் பற்றித்தான்.

1. கடையில் படத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன், கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். வீட்டுக்குள் வைக்கும் டிவி 40 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் வரைதான் தாங்கும் என்று பெரிய நிறுவனங்களின் கையேடுகளிலேயே போட்டிருக்கும். சிங்கப்பூரில் ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல். விடியற்காலையில் அது 90-ஐத் தாண்டும்; மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். ஆகவே தாழ்வாரத்தில் மாட்டிய சாதாரண டிவி இரவு முழுக்கத் தன் எல்லையை மீறித்தான் நிற்கிறது. உத்தரவாத அட்டையில் 'வீட்டுக்குள் பயன்படுத்த மட்டும்' என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், வெளியே வைத்துக் கெட்டுப்போன பெட்டிக்கு ஒரு வெள்ளிகூடத் திரும்பி வராது.

2. இடத்தை மழையே காட்டிக்கொடுக்கும். ஒரு பெருமழை ஓய்ந்ததும் வெளியே போய், சுவரிலும் தரையிலும் ஈரம் எதுவரை வந்திருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். இரண்டு மூன்று மழைக்கு இப்படிச் செய்தால், டிவிக்கு எந்த இடம் ஆகாது என்பது தெரிந்துவிடும். அவசரப்பட வேண்டாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். அப்போது மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் அடிக்கும். அந்த மழைக்கும் நனையாத மூலைதான் சரியான மூலை. ஏர்கானின் வெளிப்பெட்டி அனல்காற்றை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் நேரெதிரே டிவி வேண்டாம்.

3. மேற்கு வெயில் திரையில் நேராக விழக் கூடாது. இங்கே ஆண்டு முழுக்கச் சூரியன் மறைவது ஏழு மணியை ஒட்டித்தான். இந்தியாவில் மாலை மூன்றரைக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு ஆறு மணிக்கு வரும். அப்போது மேற்கு பார்த்த திரையில் உங்கள் முகம்தான் தெரியும். பார்க்க முடியாமல் போவதோடு விட்டாலும் பரவாயில்லை. நேர்வெயிலில் சூடேறிய எல்சிடி திரையில் கறுப்புத் திட்டுகள் வரும். முதலில் நிழல் வந்ததும் மறையும், தொடர்ந்து வெயில் பட்டால் நிலைத்துவிடும். திரை வடக்கையோ தெற்கையோ பார்த்திருப்பது நல்லது. அதற்கு வழியில்லை என்றால் மூங்கில் தட்டியோ சுருள்திரையோ போடுங்கள். கூட்டுரிமை வீடாக இருந்தால் பால்கனித் திரைக்கு நிர்வாகத்திடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும்.

4. வெளிப்புறத்துக்கென்றே செய்த டிவி தேவையா? சாம்சுங் 2020-இல் கொண்டுவந்த 'தி டெரஸ்' போன்றவற்றுக்கு ஐபி55 தரம் உண்டு. முதல் 5 தூசியைக் குறிக்கிறது; இரண்டாவது 5, குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. பட்டப்பகலிலும் படம் தெரியும். விலை மட்டும் மயக்கம் வரவைக்கும். பகலில் வாடிக்கையாளருக்குப் படம் காட்ட வேண்டிய உணவகக்காரர் வாங்கலாம். வேலை முடிந்து வந்து இரவில் மட்டும் பார்க்கும் குடும்பத்துக்கு அவ்வளவு வெளிச்சம் வீண் செலவு என்பதே என் கருத்து. அந்தப் பணத்தில் மூன்று நான்கு சாதாரணப் பெட்டிகள் வாங்கலாம். ஓஎல்இடி வகையை மட்டும் வெளியே கொண்டுபோகாதீர்கள். வெப்பம் அதற்கு ஆகாது.

5. சுவரில் மாட்டுவதைவிடச் சக்கரம் வைத்த ஸ்டாண்டு மேல். பார்க்கும் நேரத்தில் வெளியே தள்ளிக்கொண்டு வரலாம், முடிந்ததும் கூடத்துக்கே திருப்பிவிடலாம். ஈரம், இடி, பல்லி என்ற மூன்று தொல்லையும் ஒரே நேரத்தில் தீரும். எல்ஜியின் 'ஸ்டான்பைமீ' போல மின்கலத்தோடு வருபவையும் உண்டு. ஒருமுறை சார்ஜ் செய்தால் மூன்று மணி நேரம் ஓடும். ஒரு படம் பார்த்து முடிக்கப் போதும், ஓர் ஐபிஎல் ஆட்டத்துக்குப் போதாது.

6. ஏர்கான் அறையிலிருந்து வெளியே தள்ளி வந்த உடனே சுவிட்சைப் போடாதீர்கள். இங்கே காற்று ஏறக்குறைய 24 டிகிரியிலேயே நீராகக் கோத்துக்கொள்ளும். 22 டிகிரி அறையில் இருந்த பெட்டி வெளியே வந்ததும் வேர்க்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பின் மேல் முத்து முத்தாக நீர் கோக்குமே, அதுவேதான் டிவிக்குள்ளே மின்தகட்டின் மேலும் நடக்கிறது. ஒரு மணி நேரமாவது சும்மா நிற்கட்டும். பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, கை வறண்டு வந்தால் போடலாம்.

7. சுவரில்தான் மாட்டுவேன் என்றால், டிவிக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்காவது இடைவெளி விடுங்கள். மழையில் ஊறிய வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பெட்டியின் முதுகு காயவே காயாது. பின்புறத் துளைகளின் இடைவெளி 200 மில்லிமீட்டரா 400-ஆ என்று அளந்துவிட்டுத் தாங்கி வாங்குங்கள். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், பொங்கோல் போலக் கடல்காற்று வரும் இடங்களில் சாதாரண இரும்புத் திருகு சீக்கிரமே துரு வடித்துவிடும். 316 ரக எவர்சில்வர் கேட்டு வாங்குங்கள். 304 ரகம் உப்புக்காற்றில் நாளடைவில் புள்ளி விழும். பால்கனிக் கம்பியிலோ கண்ணாடித் தடுப்பிலோ எதையும் தொங்கவிட வேண்டாம். கீழே ஆள் நடமாட்டம் உண்டு.

8. வீவக புளோக்கின் பொது நடைவழி உங்கள் தாழ்வாரம் அல்ல. கதவுக்கடியில் வயரை நுழைத்து நடைவழியில் டிவி வைப்பது தீ மூண்டால் எல்லாருக்கும் ஆபத்து. குடிமைத் தற்காப்புப் படையின் விதிப்படி அங்கே குறைந்தது 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும்.

9. வெளிப்புறத்துக்குப் புதிதாக மின் இணைப்பு இழுப்பதை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். தெரிந்தவர், மலிவாகச் செய்வார் என்று யாரையும் கூப்பிடாதீர்கள். இது 230 வோல்ட். மூடிபோட்ட, மழைக்கேற்ற பிளக் பாயின்ட் கேளுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் நொடியில் துண்டிக்கும் ஆர்சிசிபி, 1985 ஜூலைக்குப் பின் வந்த வீடுகளில் தொடக்கத்திலிருந்தே உண்டு; அதைவிடப் பழைய வீடென்றால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். படக்கென்று இறங்கினால் நல்லது. இறங்கவில்லை என்றால் டிவியை மறந்துவிட்டு மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

10. இது செலவே இல்லாத குறிப்பு. டிவிக்குப் போகும் எந்த வயரும் பிளக்குக்கு நேராக இறங்கி வரக் கூடாது. பிளக்குக்குக் கீழே ஒரு சாண் தொங்கி, பிறகு மேலேறிப் போய்ச் சொருக வேண்டும். வயரில் வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டி விழுந்துவிடும், பிளக்குக்குள் போகாது. எச்டிஎம்ஐ வயருக்கும் ஆன்டெனா வயருக்கும் இதே கதைதான். நீளம் போதவில்லை என்றால் ஜாலான் புசாரில் சிம் லிம் டவர் ஏறினால் வேண்டிய அளவில் வயரும் இணைப்பானும் கிடைக்கும். தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். நீட்டிப்புப் பலகை வாங்கினால் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

11. இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. ஆன்டெனா வயரையும் இணைய வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியிலும் வரும். மழை வீட்டை நெருங்கிய பிறகு வயரைத் தொடப் போகாதீர்கள். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் இடிமழை வழக்கம் என்பதால், வேலைக்குக் கிளம்பும்போதே கழற்றிவிட்டுப் போவது நல்லது.

12. உறை போடுங்கள், ஆனால் மூச்சுவிடும் உறையாக. அடிப்பக்கம் முழுக்க மூடிய பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும்; அதற்கு உறையே போடாமல் இருக்கலாம். டிவியை அணைத்து, சூடு ஆறிய பிறகே உறை போட வேண்டும். உறையின் மேல்மடிப்பில் குழி விழாமல் இழுத்துக் கட்டுங்கள். அங்கே தேங்கும் இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தாராளம். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி வந்து அந்த மடிப்பில் புழுவைக் கண்டால், பூந்தொட்டித் தட்டுக்கு விழும் அதே அபராதம் டிவி உறைக்கும் விழும்.

13. உறைக்குள் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பைகளைத் தொங்கவிடுங்கள். நிறம் மாறும் ரகமாக இருந்தால் எப்போது ஈரம் நிறைந்தது என்று தெரியும். அந்த மணிகளைத் தட்டில் கொட்டி ஓவனில் மிதமான சூட்டில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். அலமாரியில் வைப்போமே, நீர்யானைப் படம் போட்ட ஈரம் உறிஞ்சும் டப்பா, அதை மட்டும் டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதில் சேரும் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல, உப்புக்கரைசல். கவிழ்ந்து இணைப்புகளில் பட்டால் அரித்துவிடும்.

14. தினமும் அரை மணியாவது ஓடவிடுங்கள். ஓடும் டிவியின் சூடே உள்ளிருக்கும் ஈரத்தை விரட்டும். மாதக்கணக்கில் உறைக்குள் கிடக்கும் பெட்டிதான் முதலில் கெடும். ஊருக்குப் போவதென்றால் கழற்றி உள்ளே வைத்துவிட்டுப் போங்கள். மேலே ஒரு மின்விசிறி சுழன்றால் காற்று தேங்காது, கொசுவும் அண்டாது.

15. பல்லிக்கு டிவியின் முதுகைப் போல வசதியான வீடு வேறில்லை. சூடு உண்டு, இருட்டு உண்டு, வெளிச்சத்துக்கு வரும் பூச்சி உண்டு. காற்றுத் துளை வழியே உள்ளே போய் மின்தகட்டில் படுத்தால் அதுவும் போகும், டிவியும் போகும். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். சுண்டைக்காய் அளவில் வெள்ளை முட்டை ஒட்டியிருக்கலாம், எறும்பு வரிசை போகலாம், எச்டிஎம்ஐ துளையின் ஓரத்தில் பச்சைப் பூஞ்சை போலக் களிம்பு ஏறியிருக்கலாம். பூச்சி மருந்தை நேராகத் துளைக்குள் அடிக்காதீர்கள். டிவி ஓடும்போது தலைக்கு மேலே இருக்கும் விளக்கை அணைத்தாலே பூச்சி குறையும். பூச்சி குறைந்தால் பல்லியும் குறையும்.

16. பொங்கல் பானையும் சாம்பிராணித் தட்டும் டிவியிலிருந்து தள்ளியே இருக்கட்டும். தரைவீடுகளில் பின்கட்டு அடுப்பும் தாழ்வாரமும் ஒட்டியே இருப்பதுண்டு. தாளிப்புப் புகை எண்ணெயோடு வரும். அது திரையில் படிந்து அதன்மேல் தூசி ஒட்டினால் துடைப்பது பெரும்பாடு. செராங்கூன் ரோடு பக்கம் அஞ்சடியை ஒட்டி டிவி மாட்டியிருக்கும் சாப்பாட்டுக் கடைகளில் நிமிர்ந்து பாருங்கள்: திரையின் நடுவில் மட்டும் துணி பட்டிருக்கும், நாலு மூலையும் பழுப்பேறியிருக்கும். மென்மையான நுண்ணிழைத் துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போதும். கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவம் திரைப்பூச்சை உரித்துவிடும். புகைமூட்டக் காலத்தில் டிவியை உள்ளே கொண்டுபோய்விடுங்கள்.

17. வசந்தம் ஒளிவழி பார்க்க மட்டும் என்றால் ஆன்டெனா போதும். 2019 ஜனவரியில் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டதால் டிவி டிவிபி-டி2 வகையாக இருக்க வேண்டும். பால்கனியில் அலை நன்றாகவே வரும். வைஃபை அப்படியல்ல, கம்பி போட்ட கான்கிரீட் சுவர் அதைத் தின்றுவிடும். படம் நின்று நின்று வந்தால் டிவியைக் குறை சொல்லாமல் இணைய வயரை இழுத்து நேராகச் சொருகிப் பாருங்கள்.

18. பத்து மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஒன்றரை மணிக்கு மேல் ஆகும். பால்கனி ஒலி எதிர்ச் சுவரில் பட்டு மேல்மாடிக்குத்தான் போகும். பத்து மணிக்கு மேல் புளூடூத் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் அணி ஆறு அடித்தால் கத்தாமல் இருப்பது உங்கள் பொறுப்பு. அதற்கு என்னிடம் குறிப்பில்லை.

19. இவ்வளவுக்குப் பிறகும் பெட்டி ஒருநாள் போகும். பழையதைக் குப்பைத் தொட்டி அருகே சாய்த்து வைத்துவிட்டு வராதீர்கள். 2021 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவுத் திட்டத்தின்படி, புதிய டிவியைக் கொண்டுவந்து கொடுக்கும் கடையே பழைய டிவி ஒன்றை இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும். வாங்கும்போதே சொல்லி, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுவர்த் தாங்கியையும் திருகுகளையும் மட்டும் கொடுத்துவிட வேண்டாம். புதிய டிவியின் துளை இடைவெளி ஒன்றாக இருந்தால் அதிலேயே மாட்டலாம்.